பவுனுவின் கைப்பிடி

ஏகாம்பரம் பவுனுவை முதன்முதலில் பார்த்தது ஒரு வாளின் மறுமுனையில். அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிற பட்டறை ஒன்றுக்கு மரம் அறுக்கக் கூலிக்குப் போயிருந்தார். அன்று மறுமுனையைப் பிடிக்க வேண்டிய பெரியண்ணன் என்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவருடைய தங்கை பவுனு தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெண்பிள்ளையோடு வாள் பிடிப்பதா என்று ஏகாம்பரம் தயங்கினார். அவள் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள்.

"இழுக்கத்தான தெரியணும்? இழுங்க. தள்ளிராதிய, அம்புட்டுத்தான்."

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கிற இழுப்பு வாளில் முக்கியமானது அதுதான். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையை வாளோடு போகவிட வேண்டும். பிடியை விடவும் கூடாது, தள்ளவும் கூடாது. தள்ளினால் தகடு நடுவில் வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். தள்ளாமல் இருப்பது எளிது போலத் தோன்றும். பலம் உள்ளவனுக்கு அது வரவே வராது. பவுனுவுக்கு முதல் நாளே வந்தது. மறு வருஷம் கல்யாணம்.

டெல்லிக்கு வந்தது 1972இல். பிரகதி மைதானத்துப் பொருட்காட்சியில் கடைந்து காட்டுவதற்காக ஒரு முதலாளி கூட்டிவந்தார். பொருட்காட்சி முடிந்ததும் முதலாளி ஊர் திரும்பினார். இவர்கள் திரும்பவில்லை. ஜங்புராவில் நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாயின் கரையோரம் மதராசி கேம்ப்பில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். போகல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சர்தார்ஜியின் பட்டறையில், மோட்டார் பூட்டிய கடைசல் எந்திரத்தை ஏகாம்பரம் வாடகைக்கு எடுத்தார். விளையாட்டுச் செப்புச் சாமான் டெல்லியில் விலைபோகவில்லை. மரவை போயிற்று. ஊரில் உப்பும் புளியும் போட்டு வைக்கிற மரக்கிண்ணம் அது. சாணக்யபுரியில் தூதரகக்காரர்கள் அதில் பச்சைக் காய்கறியை நறுக்கிப் போட்டு மேசை நடுவில் வைத்தார்கள்.

"வேக வைக்காமத் திங்கதுக்கு இம்புட்டுப் பெரிய சட்டியா?" என்று பவுனு கேட்டாள்.

"திங்கட்டும். நமக்கு என்ன?"

"வயித்த வலிச்சா நம்ம மரவையத்தான் சொல்லுவாக."

பிள்ளை இல்லை. அதைப் பற்றி முதல் சில வருஷங்கள் பேசினார்கள், பிறகு பேசவில்லை. காலையில் நாலாக் கரையில் மரம் அறுப்பார்கள். வெயில் ஏறியதும் அவர் பட்டறைக்குப் போவார். அவள் அறுத்த கட்டைகளை மரத்தூளுக்குள் புதைத்து அடுக்குவாள்.

மரவை கடைவது எளிது, அதற்குக் கட்டை எடுப்பதுதான் வேலை என்பார் ஏகாம்பரம். சாலையை அகலப்படுத்துகிறவர்கள் வெட்டிப் போட்ட ஷீஷம் மரங்களை டேக்கேதார் என்கிற ஒப்பந்தக்காரரிடம் வாங்கி, மூன்று சக்கர வண்டியில் கரைக்குக் கொண்டுவருவார்கள். வந்தவுடன் வாளைத் தொடுவதில்லை. முதலில் மரத்தின் இரண்டு வெட்டுமுகங்களிலும் சாணத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கனமாகப் பூச வேண்டும். டெல்லிக் காற்று ஈரத்தை வெட்டுமுகத்தின் வழியாகத்தான் உறிஞ்சும். அங்கே சீக்கிரமும் நடுவில் மெதுவாகவும் காய்ந்தால் மரம் தன்னைத்தானே பிளந்துகொள்ளும். பூசுவது பவுனுவின் வேலை. அவள் விரல்கள் போன தடம் காய்ந்த பூச்சில் அரைவட்டம் அரைவட்டமாக இருக்கும்.

பிறகு மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். எங்கே கணு, எங்கே முறுக்கு, எங்கே பழைய ஆணி என்று பார்த்துச் சாக்குக்கட்டியால் குறிப்பார்கள். மரத்தின் கனம் எவ்வளவோ அதைவிட இரண்டு விரல் கூடுதலாகத் துண்டின் நீளம் இருக்க வேண்டும். துண்டுகளாக்கிய பிறகு ஒவ்வொன்றையும் நிறுத்தி, ஆப்பு வைத்து நடுவே பிளப்பார்கள். மரத்தின் நட்டநடுவில் மெத்தென்று பென்சில் கனத்தில் ஓடுகிற பகுதியைப் பவுனு குடல் என்பாள். வெடிப்பு எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். அதை இரண்டு பாதியிலிருந்தும் வாய்ச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, கவராயத்தால் வட்டம் போட்டு மூலைகளைக் கொத்தி எடுத்தால் ஒரு துண்டிலிருந்து இரண்டு மரவைக்குக் கட்டை கிடைக்கும்.

இதில் வாள்வெட்டு நேராக இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே போட்ட கோட்டிலிருந்து கீழே போகப் போக வாள் ஒரு விரல் விலகினால், துண்டின் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். குட்டையான பக்கத்தின் அளவுக்குத்தான் மரவை. அடுத்த துண்டும் கோணல் முகத்தோடு தொடங்கும். ஒரு கோணல் வெட்டு மரம் முழுவதும் பின்னாலேயே வரும்.

கரை சரிவானது. மரம் உருளாமல் இருக்கக் கனமான அடிப்பக்கத்தை மேட்டிலும் நுனிப்பக்கத்தைப் பள்ளத்திலும் போடுவார்கள். அப்படிப் போட்டால் அடிப்பக்கம் பவுனுவின் வலது கைக்கு நேரே வரும். வாளில் அவள் பக்கத்துக் கைப்பிடிக்குப் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதனால் வாளை மாற்றிப் போடுவதும் இல்லை, இடம் மாறி உட்காருவதும் இல்லை. பத்து வருஷமாக இப்படித்தான்.

1981 முடிகிற சமயம் வாள் ஒதுங்கத் தொடங்கியது.

"ஏளா, கோட்டப் பாரு. அடிப்பக்கமா ஒதுங்குது."

"வாளப் பாருங்க. எம்மேல எதுக்குப் பழி போடுதிய?"

"கைய என்னத்துக்கு இப்படித் தூக்கி வச்சிருக்க? அடைக்கோழி றெக்கைய விரிச்ச மாதிரி."

"வேர்க்கு. காத்து வாங்குதேன்."

"டெல்லிக் குளிர்ல வேர்க்காம் இவளுக்கு."

அவள் சிரித்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். வாள் நேராக இறங்கியது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு முழங்கை மறுபடி மேலே வந்துவிட்டது. அவர் கோழி மாதிரி கொக்கரித்துக் காட்டினார். மறுபடி சிரித்தாள்.

முழங்கை தூக்கியிருந்தால் கைப்பிடியின் தலை உள்பக்கம் சாயும். வாளின் பல் வெளிப்பக்கம், அதாவது மரத்தின் அடிப்பக்கம் ஒதுங்கும். இது ஏகாம்பரத்துக்குத் தெரியாதது அல்ல. சொல்லிப் பார்த்தார், இரண்டு நாள் கோபித்தும் பார்த்தார். அவள் கை சரியாக வரவில்லை. வயதாகிறது, பழக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்தார். கையைத் திருத்த முடியாவிட்டால் வாளைத் திருத்தலாம்.

வாளின் பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடப்பக்கமும் வலப்பக்கமும் மயிரிழை விலகி நிற்கும். அந்த விலகல்தான் தகடு சிக்காமல் போவதற்கு வழி உண்டாக்குகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வாள் நேராக ஓடும். ஒரு பக்கத்துப் பல் கூடுதலாக விலகினால் வாள் அந்தப் பக்கம் நகரும். ஏகாம்பரம் மரத்தின் நுனிப்பக்கம் சாய்ந்த பற்களை ஒவ்வொன்றாகக் குறட்டில் பிடித்து இன்னும் கொஞ்சம் விலக்கினார். ஒரு காலை முழுவதும் ஆயிற்று. அவளுடைய கை அடிப்பக்கம் சாய்க்கும், பல் நுனிப்பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வாள் செங்குத்தாக இறங்கும்.

இறங்கியது. துண்டு விழுந்ததும் வெட்டுமுகத்தை உள்ளங்கையால் துடைத்து அவளிடம் காட்டினார்.

"பாத்தியா? கண்ணாடி."

"ஒங்க கைக்கு வராதது என்ன இருக்கு?" என்றாள் பவுனு.

மாசியில் வாள் மறுபடி அடிப்பக்கம் ஒதுங்கியது. பல்லை இன்னும் கொஞ்சம் விலக்கினார். சித்திரையில் இன்னொரு முறை. இதற்கிடையில் அவள் தண்ணீர்க் குடத்தை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றியிருந்தாள். தலை வாரிக்கொள்ளப் பக்கத்துக் குடிசை முத்தம்மாவைக் கூப்பிட்டாள். அறுக்கும்போது பாதியில் நிறுத்தி, "இருங்க, ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போவாள். போனவள் உடனே வரமாட்டாள். அவர் அந்த நேரத்தில் வாளுக்கு எண்ணெய் தடவுவார்.

வெயில் கடுமையான சமயத்தில் ஒரு பெரிய ஷீஷம் வந்தது. கணு இல்லாத, உள்ளே கரும்பழுப்பாக வைரம் பாய்ந்த மரம். "இதுல ஒரு மரவை நமக்கு எடுத்து வச்சுக்கணும், வித்துராதிய" என்று பவுனு சொன்னாள். வெட்டுமுகங்களுக்குச் சாணம் பூசினாள். மறுநாள் காலை குளிக்கும் மறைப்புக்குள் போனவள் வெளியே வரவில்லை. மயங்கிக் கிடந்தவளை முத்தம்மாதான் உள்ளே போய்த் தூக்கினாள். மேலுக்குத் தண்ணீர் ஊற்றி உடுத்திவிடும்போது வலது அக்குளைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இன்னாண்ணே இது! எலுமிச்சங்கா மாரி கட்டியா நிக்குது. மாரெல்லாம் கல்லா கெடக்குதுண்ணே. நீ பாக்கவே இல்லியா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர். திரைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து ஏகாம்பரத்தை உட்காரச் சொன்னார்.

"இத்னே தின் க்யா கர் ரஹே தே, பாயி?"

இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறார். ஏகாம்பரம் இந்தி புரிகிறவர்தான். ஆனாலும் புரியாதவர்போல அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "தெரியாது சாப். அவ சொல்லல" என்று தமிழில் சொன்னார். டாக்டர் தலையசைத்தார். கை வரைக்கும் பரவிவிட்டது, குளிர்காலத்தில் கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார்.

வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏகாம்பரம் கேட்டார்.

"ஏன்ட்டி சொல்லல?"

"எந்த எடத்தன்னு சொல்ல?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரியாப் போயிரும்னு இருந்தேன். நீங்களும் வாளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திய" என்றாள். அதற்குப் பிறகு மரத்தின் மேல் ஈரச்சாக்கு போட்டாரா என்று கேட்டாள். போட்டேன் என்றார். போடவில்லை. அன்று மாலை கேம்ப்புக்கு ஓடிவந்து போட்டார்.

மாதம் திரும்புவதற்குள் பவுனு போய்விட்டாள்.

தந்தி கிடைத்துப் பெரியண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரயில் கரியோடும் புழுதியோடும் குடிசை வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. முகத்தில் துக்கத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது.

"மாப்ளே, ஒரு எடத்துல படுத்து எந்திரிச்சீரு. தெரியவே தெரியாதா உமக்கு?"

"தெரியாது மச்சான். அவ சொல்லல."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

பெரியண்ணன் கருமாதி வரை இருந்தார், ஆனால் ஏகாம்பரத்தோடு சேர்ந்து சாப்பிடவில்லை. முத்தம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். ஏகாம்பரம் எல்லாருக்கும் அதே பதிலைச் சொன்னார். தெரியாது, அவள் சொல்லவில்லை. அது உண்மையும்தான். அவள் சொல்லியிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்.

கருமாதி முடிந்த மறுநாள் பெரியண்ணன் நாலாக் கரைக்கு வந்தார். ஈரச்சாக்கைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. துக்க நாட்களில் ஆயுதம் தொடக்கூடாது என்று ஏகாம்பரம் தண்ணீர் தெளித்ததோடு சரி. வெட்டுமுகத்தில் சாணப்பூச்சு விரிந்து, அதன் கீழே நடுவிலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு கோடு கிளம்பியிருந்தது.

"வாள எடும்" என்றார் பெரியண்ணன்.

"வேண்டாம் மச்சான். கெடக்கட்டும்."

"எந் தங்கச்சி பூசி வச்ச மரம். அவ கை வச்சது வெடிச்சு அடுப்புக்குப் போகணுமா? எடும்."

ஏகாம்பரம் வாளை எடுத்துவந்தார். மரத்தைத் திருப்பி மேடு பார்த்துப் போட்டார்கள். வெடித்த முனையில் ஒரு சாண் கழிக்கக் கோடு போட்டார்கள். ஏகாம்பரம் தன் இடத்தில் உட்கார்ந்தார். பெரியண்ணன் எதிரே, சேலைக் கிழிசல் சுற்றிய கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தார். அந்தத் துணியை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

அவரும் பிறந்ததிலிருந்து மரத்தோடு இருப்பவர். அளவாக இழுத்தார், தள்ளவில்லை. கால்வாசி இறங்குவதற்குள் வாள் கோட்டை விட்டு நுனிப்பக்கம் நகர்ந்துவிட்டது.

"மச்சான், கைய நேராப் புடிங்க."

"நேராத்தான் வே புடிச்சிருக்கேன்."

"நுனிப்பக்கம் போகுதே."

"எனக்கும் கண்ணு இருக்கு. நான் வாள் புடிக்கப் படிச்சது ஒம்மகிட்ட இல்ல."

வாளை எடுத்துவிட்டு வேறு கோடு போட்டார்கள். அதே மாதிரி நகர்ந்தது. மூன்றாவது கோட்டிலும் அப்படியே. பெரியண்ணன் வாளை உருவி எடுத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பல் வரிசையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தடவினார், மறு பக்கத்தைத் தடவினார்.

"யாரு வே இதுக்குப் பல் விலக்குனது?"

"நாந்தான்."

"குடிச்சிட்டா விலக்குனீரு? ஒரு பக்கம் நெட்டுக்குத்தா நிக்கி. இந்தப் பக்கம் வேலி முள்ளு மாதிரி விரிஞ்சு கெடக்கு. இத வச்சா அறுத்திய ரெண்டு பேரும்?"

"நேராத்தான் மச்சான் ஓடிச்சு. போன மாசம் வரைக்கும் கண்ணாடி கணக்கா."

"எப்படி ஓடும்? இது நேரா ஓடணும்னா இந்த முனையில புடிக்கிற ஆளு கோணல்மாணலாப் புடிக்கணும். கைய இப்படி, மேல தூக்கி…"

காட்டுவதற்காக முழங்கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். எதிரே ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.

ஏகாம்பரம் எழுந்தார். மரத்தைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"நீங்க அங்க போய் ஒக்காருங்க மச்சான்."

"என்ன வே?"

"ஒக்காருங்க."

பெரியண்ணன் எழுந்து போனார். ஏகாம்பரம் பவுனுவின் இடத்தில் உட்கார்ந்தார். அங்கே தரை அவள் உட்கார்ந்து உட்கார்ந்து லேசாகக் குழிந்திருந்தது. சேலைத் துணியைப் பிடித்தார். புதிதாக ஒரு கோட்டில் வாளை வைத்தார்கள்.

முதலில் முழங்கையை விலாவோடு ஒட்டி இழுத்தார். வாள் நுனிப்பக்கம் போனது. முழங்கையைக் கொஞ்சம் விலக்கினார், ஒரு கை நுழைகிற அளவுக்கு. அப்போதும் போனது, சற்றுக் குறைவாக. இன்னும் தூக்கினார். மறுபடி வேறு கோட்டில் வைத்தார்கள். பெரியண்ணன் ஒன்றும் கேட்காமல் இழுத்துக் கொடுத்தார். முழங்கை தோள் மட்டத்துக்கு அருகில் வந்தபோது, வாள் கோட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததை விடாமல் கீழே இறங்கியது.

அந்த நிலையில் கையை வைத்து இழுப்பது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். முதல் பத்து இழுப்பிலேயே தோள்பட்டை எரியும். கழுத்து இறுகும். ஆரோக்கியமான ஒருவர் அப்படிப் பிடிக்கமாட்டார். கையைக் கீழே இறக்குவது அதைவிடக் கொடுமையாக இருந்தால்தான் பிடிப்பார். ஏகாம்பரம் நிறுத்தவில்லை. மரத்தூள் மடியில் கொட்டியது. வாள் அடிவரை இறங்கி, துண்டு தனியாக உருண்டு பெரியண்ணனின் காலடியில் போய் நின்றது.

வெட்டுமுகம் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஏகாம்பரம் கையை இறக்கவில்லை. தூக்கிய முழங்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டுத் தூக்கியிருக்கா மச்சான்" என்றார்.

பெரியண்ணன் தன் பக்கத்துக் கைப்பிடியை விட்டுவிட்டார்.

ஏகாம்பரம் கையை மெதுவாகக் கீழே கொண்டுவந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "மார்கழியில இம்புட்டு. அப்பத்தான் மொதல்ல பல்ல விலக்கினேன்." கொஞ்சம் உயர்த்தினார். "மாசியில இம்புட்டு. அப்ப ஒரு தடவ." மறுபடி தோள் மட்டத்துக்குக் கொண்டுபோனார். "சித்திரையில இங்க."

"விடும் மாப்ளே."

"ஒவ்வொரு தடவையும் அளந்து பாத்துத்தான் மச்சான் விலக்கினேன். கூடுதலும் இல்ல, கொறச்சலும் இல்ல. அவ கை எம்புட்டு ஏறிச்சோ அம்புட்டு."

"விடும்னு சொல்லுதேன்லா."

"அடைக்கோழின்னேன். சிரிச்சா."

நாலாவின் மறுகரையில் யாரோ எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பெரியண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் ரயிலில் வந்தவர் அவர். பதில் கிடைத்ததும் அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து எழுந்து வந்து, ஏகாம்பரத்தின் தூக்கிய முழங்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அன்றே மரம் முழுவதையும் அறுத்து முடித்தார்கள். ஏகாம்பரம் அந்தப் பக்கத்திலிருந்து எழவில்லை. துண்டுகளைப் பிளந்து குடலைச் செதுக்கி எறிந்து கட்டைகளை மரத்தூளில் புதைத்தார்கள். கடைசித் துண்டின் முகத்தில் பவுனு பூசிய சாணம் அப்படியே இருந்தது. பெரியண்ணன் அதைச் சுரண்டப் போனவர், விரல் தடங்களைப் பார்த்தார். அரைவட்டங்கள் எல்லாம் வலது கையால் பூசினால் வளைவதற்கு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. இடது கையால் பூசியிருக்கிறாள். அதை அவர் ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஏகாம்பரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முத்தம்மா சோறு வைத்துக்கொண்டே ஆறுதலாகப் பேசினாள்.

"அண்ணி ஒரு வார்த்த வாயத் தொறந்திருந்தா நீ உட்டிருப்பியாண்ணே? அது சொல்லாமலே போயிடுச்சு. நீ இன்னா பண்ணுவ."

எப்போதும் வருகிற பதில் வரவில்லை. ஏகாம்பரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். முத்தம்மா பெரியண்ணனைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் புறப்படுகிற நாளில் பெரியண்ணன் அரத்தையும் குறட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு வாளின் முன்னால் உட்கார்ந்தார்.

"பல்லச் சமன் பண்ணி வச்சிட்டுப் போறேன் மாப்ளே. கூலிக்கு ஆள் வச்சு அறுக்கணும்லா. இத வச்சு எவனும் அறுக்க முடியாது."

"நான் அறுப்பேன் மச்சான்."

"இன்னும் எத்தன நாளைக்கு?"

ஏகாம்பரம் வாளை அவர் மடியிலிருந்து வாங்கிச் சுவரில் மாட்டினார்.

அந்த மரத்திலிருந்து கடைந்தவற்றில் ஒன்றை விற்காமல் வைத்துக்கொண்டார். அதில் உப்பு போட்டிருந்தார். மற்றவை வழக்கம்போலச் சாணக்யபுரிக்குப் போயின.

ஏகாம்பரம் இன்னும் சில வருஷங்கள் அந்தத் தொழிலைச் செய்தார். மின்சார ரம்பத்தில் அறுத்துத் தருகிறேன் என்று சர்தார்ஜி பல முறை சொன்னார். இவர் நாலாக் கரையிலேயே அறுத்தார். தன் பழைய இடத்தில் ஒரு கூலியாளை உட்கார வைத்துவிட்டு, இவர் சேலைத் துணி சுற்றிய பக்கம் உட்காருவார். அரம் போட்டுப் போட்டுப் பல் தேய்ந்தபோதும், விலகலை மட்டும் பழையபடியே விலக்கி வைத்தார். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கூடுதல், அந்தச் சித்திரையில் இருந்த அளவில்.

புதிதாக வருகிற ஆட்கள் முதல் நாள் சிரிப்பார்கள். பீகாரிலிருந்து வந்த ஒருவன், அவர் முழங்கையைத் தூக்கிக்கொண்டு இழுப்பதைப் பார்த்து, கோழி மாதிரி இரண்டு கைகளையும் அடித்துக் காட்டினான்.

"அரே சாச்சா, ஹாத் தோ நீச்சே கரோ!"

கையைக் கீழே இறக்குங்கள் பெரியவரே என்கிறான். ஏகாம்பரம் இழுப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று அவன் நினைத்தான்.

"இறக்க முடியாதுப்பா. வலிக்கும்" என்று தமிழில் சொன்னார்.

அவனுக்குப் புரியவில்லை. அச்சா, அச்சா என்று தலையாட்டிவிட்டுத் தன் பக்கத்தை இழுத்தான்.